நாமே கழற்றி எடுக்கும் ஜங்க்யார்டில் பழைய கார் பாகம் வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் முதுகலை படிக்கிறேன். என்னிடம் 2006 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்தில், பின்னால் வருவதைக் காட்டும் வெளிக்கண்ணாடி உடைந்துவிட்டது. பேட்டரி விளக்கு எரிவதால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். இரண்டுக்கும் அவர் சொல்லும் தொகை என் ஒரு மாத வாடகைக்கு அருகில் வருகிறது. கழித்துக்கட்டிய கார்களை நிறுத்தி வைத்திருக்கும் ஜங்க்யார்டுக்குப் போய் நாமே கழற்றிக்கொண்டு வந்தால் மிக மலிவு என்று அறை நண்பர் சொல்கிறார். நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம். நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு பாகங்களும் அப்படி வாங்குவதற்கு ஏற்றவைதாம். ஆனால் அங்கே உங்களுக்கு எடுத்துக் கொடுக்கவும் சொல்லிக் கொடுக்கவும் ஆள் கிடையாது. சென்னை புதுப்பேட்டையில் வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொன்னால் கடைக்காரர் உள்ளே போய்ப் பாகத்தைக் கொண்டு வந்து கொடுப்பார். விலையைப் பேசி முடிப்பது மட்டுமே நம் வேலை. இங்கே அதற்கு நேர்மாறு. விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும், பேரம் இல்லை. சரியான பாகம் எது, அது நல்ல நிலையில் இருக்கிறதா, எப்படிக் கழற்றுவது என்கிற மூன்று பொறுப்பும் வாங்குபவருடையவை. ஆகவே வேலையின் பெரும்பகுதியை வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

முதலில், ஆல்டர்னேட்டர்தான் பழுது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரி விளக்கு எரிவதற்குத் தளர்ந்த பெல்ட்டும், பூத்துப்போன பேட்டரி முனையும்கூடக் காரணமாகலாம். ஆட்டோசோன், ஓரெய்லி போன்ற உதிரிபாகக் கடைகளில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கட்டணம் வாங்காமல் சோதித்துச் சொல்கிறார்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் பாகம் வாங்கிப் போட்டு, அதன் பிறகும் விளக்கு அணையவில்லை என்று எழுதும் வாசகர்கள் குறைவல்லர்.

அடுத்தது, எந்தக் காரில் தேடுவது என்பது. பிக் அண்ட் புல், பிக் யுவர் பார்ட், புல் எ பார்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் யார்டில் இன்று எந்தெந்தக் கார்கள், எந்த வரிசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கின்றன என்பதை இணையத்தில் வெளியிடுகின்றன. அண்மையில் வந்து சேர்ந்த கார்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழையவற்றில் நல்ல பாகங்களைப் பிறர் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். கொரோலாவை மட்டும் தேடுவதோடு நின்றுவிடவும் வேண்டாம். 2003 முதல் 2008 வரை வந்த டொயோட்டா மேட்ரிக்ஸ், பாண்டியாக் வைப் ஆகிய இரண்டிலும் சாதாரண வகைகளில் உங்கள் காரில் உள்ள அதே 1.8 லிட்டர் எஞ்சின்தான் இருக்கிறது. வைப், டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் கூட்டாக நடத்திய ஆலையில் தயாரானது. யார்டில் அதைப் பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ் வரிசையில் நிறுத்திவிடுவதால், டொயோட்டா வரிசையை மொய்க்கும் கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கொரோலா எக்ஸ்ஆர்எஸ், வைப் ஜிடி ஆகிய வேக வகைகளின் எஞ்சின் வேறு, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எதுவானாலும், உங்கள் ஆல்டர்னேட்டரின் மேல் ஒட்டியுள்ள எண், ஆம்பியர் அளவு, இணைப்பானின் வடிவம், பெல்ட் ஓடும் சக்கரத்தில் உள்ள பள்ளங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போய், அங்கே உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கழற்றத் தொடங்குங்கள்.

கண்ணாடிக்கும் இதுவே பொருந்தும். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கண்ணாடிகளில் ஒன்று மின்சாரத்தில் அசைவதாகவும், மற்றொன்று கூடவே பனியை உருக்கும் சூடேற்றி உடையதாகவும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் இதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் செலவழித்துக் கழற்றி வந்த கண்ணாடியின் இணைப்பானில் மூன்று முள்கள். என் காரின் கதவில் இருந்ததோ ஏழுக்கானது. திரும்ப ஐம்பது மைல் ஓட்டிப் போக வேண்டியதாயிற்று.

யார்டில் நிற்கும் கார் எதனால் அங்கே வந்தது என்று படிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். பின்பக்கம் நசுங்கிய கார், மோதிய அந்த நிமிடம் வரை ஓடிக்கொண்டிருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதன் எஞ்சின் பகுதியில் உள்ள ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவை உங்களுக்கு வேண்டியவை. உடலில் கீறல்கூட இல்லாத கார் எஞ்சினோ கியர்பாக்ஸோ செத்து வந்ததாக இருக்கலாம்; அதில் கண்ணாடி, கதவு, விளக்கு, இருக்கை ஆகியவற்றைப் பாருங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் கருங்குழம்பாகப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது அந்த எஞ்சினை எப்படிப் பராமரித்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி. முன்கண்ணாடியின் மூலையில் கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியும் மைலும் எழுதிய சிறு வில்லை ஒட்டியிருக்கும், அதைப் படியுங்கள். சுற்றிலும் அழுக்கேறிய எஞ்சினில் ஒரே ஒரு பாகம் மட்டும் பளிச்சென்று, புதுப்பித்த நிறுவனத்தின் வில்லையோடு இருந்தால், யாரோ பணம் செலவழித்து மாற்றிய சில மாதங்களில் வண்டி வேறு காரணத்தால் போய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்ட ஆல்டர்னேட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: வெள்ளத்தில் மூழ்கிய கார். 2017 இல் ஹார்வி புயலுக்குப் பின் டெக்சாஸில் ஏராளமான கார்கள் இப்படி நாசமாயின. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். மெல்லிய வண்டல் ஒட்டினாலோ, இருக்கை நகரும் தண்டவாளங்கள் துருப்பிடித்திருந்தாலோ, அந்தக் காரிலிருந்து மின்சாரம் ஓடும் எதையும் எடுக்காதீர்கள்.

கருவிகளை நீங்களே கொண்டு போக வேண்டும். ஜப்பானியக் கார்களில் 10, 12, 14 மி.மீ. ஸாக்கெட்டுகளே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். உங்கள் எஞ்சினில் பெல்ட்டைத் தளர்த்த 19 மி.மீ. நீளமான ஸ்பானர் ஒன்றும் வேண்டும். துருவை இளக்கும் எண்ணெய், பிளாஸ்டிக் உறைகளை உடையாமல் நெம்பும் பிளாஸ்டிக் பட்டைகள், கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி, விரல் மூடிய காலணி, தண்ணீர் ஆகியவையும் சேரட்டும். ஜாக்கியையும் வெட்டும் இயந்திரங்களையும் யார்டுகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. கார்களை ஏற்கெனவே பற்றவைத்த சக்கர வளையங்களின் மேல் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். கையால் அழுத்தியதும் ஆடுகிற காரின் அடியில் பாதி பாகம் கழன்று தொங்கினாலும் நுழையாதீர்கள். வேறு கார் கிடைக்கும். ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

கழற்றும்போது ஆல்டர்னேட்டரின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்ற ஒலியோ ஆட்டமோ இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இணைப்பானின் பூட்டை உடைக்காமல் அழுத்தி எடுங்கள். உங்கள் காரில் உள்ள இணைப்பான் நொறுங்கியிருந்தால், யார்டு காரில் உள்ளதை ஒரு சாண் கம்பியோடு வெட்டித் தனியாக விலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடியைக் கதவின் உட்பக்கம் உள்ள முக்கோண உறையை நீக்கிவிட்டு, மூன்று நட்டுகளையும் கழற்றி எடுக்க வேண்டும். கடைசி நட்டு வருவதற்கு முன் மற்றொரு கையால் வெளியே தாங்கிக்கொள்ளுங்கள். பொருத்துவதற்கான நட்டுகளையும் கிளிப்புகளையும் கூடவே கொண்டு வந்து, பணம் கட்டும் இடத்தில் மறைக்காமல் காட்டுங்கள். ஒரு பாகத்துக்குள் இன்னொன்றை ஒளித்து வைப்பது திருட்டு. வெளியேறும்போது கருவிப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

செலவைப் பொறுத்தவரை, நுழைவுக் கட்டணம் பொதுவாக ஒருசில டாலர்கள். விலைப்பட்டியல் காரைப் பார்ப்பதில்லை, பாகத்தைத்தான் பார்க்கிறது. சொகுசுக் காரின் ஆல்டர்னேட்டருக்கும் உங்களுடையதற்கும் பல யார்டுகளில் ஒரே விலை. அதற்கு மேல் கோர் சார்ஜ் என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். அது உங்கள் பழைய ஆல்டர்னேட்டரைத் திரும்பக் கொடுக்கும்வரை பிடித்து வைக்கும் முன்பணம். பழையதைக் கழற்றிவிட்டால் உங்களால் யார்டுக்கு ஓட்டிப் போக முடியாது என்பதால், முன்பணத்தைக் கட்டி, எத்தனை நாட்களுக்குள் திருப்ப வேண்டும் என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீடு திரும்பும் வழியில் உதிரிபாகக் கடையில் வாங்கிய ஆல்டர்னேட்டரையும் சோதித்துவிடுங்கள். காரில் மாட்டுவதற்கு முன்பே கெட்டதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சிறு விபத்தில் என் காரின் ஏர்பேக் வெடித்துத் திறந்துவிட்டது. பழைய ஏர்பேக் ஒன்றை ஜங்க்யார்டிலிருந்து எடுத்து மாட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சீட் பெல்ட்டையும் சேர்த்து மாற்றலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் வாயுவை உண்டாக்கப் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறிப் பட்டு ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விபத்து நேரத்தில் உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்தது. சிதறிய உலோகத் துண்டுகள் ஓட்டுநர்களைக் கொன்றிருக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்பப் பெறும் அறிவிப்பில் வந்தன. யார்டில் நிற்கும் காரில் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கழற்றி விற்பவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தகாட்டா அல்லாத ஏர்பேக்காக இருந்தாலும், நனைந்ததா, காய்ந்ததா என்று மாட்டிய பின் சோதிக்க உங்களுக்கு ஒரு வழியும் இல்லை; உயிர் போகும் நொடியில்தான் தெரியும். சீட் பெல்ட்டும் அப்படியே: ஒரு மோதலைத் தாங்கிய பெல்ட்டில், மோதும் நொடியில் அதை இறுக்கும் இழுப்பான் ஏற்கெனவே வேலை செய்து முடிந்ததாக இருக்கலாம்.

உங்கள் காரின் அடையாள எண்ணான, எழுத்தும் இலக்கமுமாக 17 கொண்ட வின் எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் கொடுத்தால் நிலுவையில் உள்ள திரும்பப் பெறும் அறிவிப்புகள் தெரியும். பொதுவாக அந்தத் திருத்தங்களை டீலர் இலவசமாகச் செய்து தருவார். விபத்தில் திறந்த ஏர்பேக் அந்தக் கணக்கில் வராது. அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அந்தச் செலவு காரின் மதிப்பை மிஞ்சினால், காரை விட்டுவிடுவதே சரி. பிரேக் பட்டைகள், டைமிங் பெல்ட், பழைய டயர் ஆகியவற்றையும் யார்டில் வாங்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிடும். யார்டு கார்களின் பின்னிருக்கையில் குழந்தை இருக்கைகள் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவை எந்த மோதலில் இருந்தன என்று தெரியாது; ஒரு டாலருக்குக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஜங்க்யார்டில் வாங்கிய விண்டோ மோட்டார் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். வேறு ஒன்றைக் கழற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். இது முறையா?

பதில்: வருத்தமாக இருக்கும், ஆனால் ரசீதின் பின்புறத்தைப் படித்தால் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருக்கும். பல யார்டுகள் குறிப்பிட்ட நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளவோ, கடைக் கணக்கில் வரவு வைக்கவோ மட்டுமே ஒப்புக்கொள்கின்றன. மின்சாரப் பாகங்களுக்கு அதுவும் இல்லாத இடங்கள் உண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாட்டையும் சில யார்டுகள் விற்கின்றன. மாட்டுவதற்கு அதிக நேரம் பிடிக்கும் பாகம் என்றால் அது வாங்கத் தக்கது. பாகத்தின் மேல் அவர்கள் எழுதும் பெயின்ட் குறியை அழித்துவிடாதீர்கள். குறி இல்லாவிட்டால் பேச்சே இல்லை. மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டுவதாக இருந்தால், வாடிக்கையாளர் கொண்டு வரும் பழைய பாகத்தைப் பொருத்துவாரா, அது கெட்டுப்போனால் மறுபடி கூலி கேட்பாரா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு முறை கூலி கொடுத்தால் மலிவுப் பாகம் புதியதைவிட விலை கூடிவிடும்.

கேள்வி: என் கேம்ரியின் நசுங்கிய கதவுக்கு அதே நிறத்தில் ஒன்று கிடைக்குமா?

பதில்: ஓட்டுநர் கதவின் நிலைப்பகுதியில் உள்ள வில்லையில் நிறக் குறியீடு அச்சிட்டிருக்கும், அதையும் யார்டு காரில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். குறியீடு ஒன்றாக இருந்தாலும் வெயிலில் வெளுத்த அளவு மாறுபடும் என்பதால் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு பாருங்கள். கதவைத் தனியாளாகக் கழற்ற முடியாது. ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பல கார்களின் கதவுகளில் திருட்டைத் தடுப்பதற்காக அந்தக் காரின் வின் எண் ஒட்டப்பட்டிருக்கும். அது உங்கள் காரின் எண்ணோடு ஒத்துப்போகாது. ஆகவே வாங்கிய ரசீதைக் காரின் ஆவணங்களோடு வைத்திருந்து, காரை விற்கும்போது வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.