ஸ்காட்லாந்து, மழை, ஒளிப்படம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். வரும் அக்டோபரில் மனைவியுடன் ஸ்காட்லாந்து செல்கிறேன். எடின்பரோவில் வாடகைக் கார் எடுத்து கிளென்கோ பள்ளத்தாக்கு, ஸ்கை தீவு, வடகரையைச் சுற்றும் நார்த் கோஸ்ட் 500 என அனைத்தையும் ஒரே வாரத்தில் முடிக்கத் திட்டம். முதன்மை நோக்கம் நிலக்காட்சிப் படங்கள்தான். ஆனால் அந்த மாதத்தில் மழை விடாது என்று நண்பர்கள் அச்சுறுத்துகிறார்கள். அடுத்த ஜூனுக்குத் தள்ளிவைக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தள்ளிவைக்க வேண்டாம். ஆனால் பாதையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நார்த் கோஸ்ட் 500 மட்டுமே ஏறத்தாழ 830 கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதியில் நெடுந்தொலைவுக்கு ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலத்தில்தான் சாலை. எதிரே வண்டி வந்தால், அதற்கென விட்டிருக்கும் இடங்களில் ஒதுங்கி வழிவிட வேண்டும். (அங்கே காரை நிறுத்திவிட்டுப் படமெடுக்கச் செல்பவர்களால் உள்ளூர் மக்கள் படும் துன்பம் பெரிது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.) இத்தகைய சாலைகளில் விரைந்து சுற்றுபவருக்கு, போய்ச்சேரும் நேரத்தில் எந்த வானிலை வாய்க்கிறதோ அதை ஏற்றுக்கொண்டு நகர்வதைத் தவிர வேறு வழியில்லை.

அட்லாண்டிக்கின் ஈரக்காற்று முதலில் மோதுவது மேற்கு மலைகளில்தான். அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பொழிகிறது. கிழக்கே எடின்பரோவில் சுமார் 700. ஆனால் ஒரு காற்றழுத்தத் தாழ்வுநிலை கடந்துசென்று வடமேற்கிலிருந்து குளிர்காற்று வீசத்தொடங்கியதும், மழை பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் பெய்யும். அந்த இடைவெளிகளுக்காகத்தான் ஒளிப்படக்காரர்கள் அங்கே செல்கிறார்கள். அக்டோபர் நடுவில் கிளென்கோவில் நண்பகல் சூரியன்கூடச் சுமார் 25 பாகை உயரத்தில்தான் நிற்கும். சமவெளியில் நிற்பவருக்கு வானவில் தெரிய, சூரியன் 42 பாகைக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்பதால், ஜூன் நண்பகலில் கிடைக்காத வில் அக்டோபரில் எந்தப் பகல்வேளையிலும் கிடைக்கலாம். மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால், காலையில் மேற்கே வில் தெரிந்தால் அந்த மழை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. முக்காலியை விரிக்கச் சில நிமிடங்களே உண்டு. தவிர, ஜூனில் மொய்க்கும் மிட்ஜ் என்னும் கடிபூச்சிகளின் தொல்லை அப்போது அநேகமாக இராது.

கிளென்கோவில் மூன்று இரவுகளும் ஸ்கையில் மூன்று இரவுகளும் தங்குங்கள். ரானக் மூர் சதுப்புவெளியைக் கடந்து ஏ82 சாலை கிளென்கோவை நெருங்குமிடத்தில் புவகல் எட்டிவ் மோர் என்ற கூம்புமலை நிற்கிறது. முதலில் மலை முழுவதும் மேகத்துக்குள் இருக்கும். பிறகு அடிவாரப் பாறைகள் ஈரத்தில் ஈயம்போல மின்னத் தொடங்கும்; மேகக் கிழிசல் வழியே விழும் ஒளி, துருநிறமாகிவிட்ட புல்மீது ஊர்ந்து, கூப்பல் ஆற்றைத் தாண்டி, சரிவில் ஏறும். அந்த ஒளித்திட்டு எங்கே நிற்கையில் படமெடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு காத்திருங்கள். வெளிச்ச அளவையும் அந்தத் திட்டுக்கு ஏற்பவே வையுங்கள். இருண்ட மலையைக் கணக்கில் கொண்டால் திட்டு வெளுத்துவிடும். லென்ஸின் முன் பொருத்திச் சுழற்றும் போலரைசர் வடிகட்டி, ஒரே தளத்தில் அதிரும் (முனைவுற்ற) ஒளியைத் தடுத்து ஈரப்பாறையின் பளபளப்பைக் குறைக்கும் என்றாலும், வானவில்லின் ஒளியும் முனைவுற்றது என்பதால், பொருந்தாத கோணத்தில் சுழற்றினால் வில்லே படத்திலிருந்து மறைந்துவிடும். லென்ஸ் துடைக்கும் துணிகளை நிறைய எடுத்துச்செல்லுங்கள். காற்று கடுமையாக இருந்தால் காரின் முகப்பைக் காற்றை நோக்கி நிறுத்தி, பின்கதவைத் தூக்கி அதன் கீழே நின்று படமெடுக்கலாம்.

ஸ்கைக்கு 1995 முதல் பாலம் இருப்பதால் படகு பற்றிய கவலை வேண்டாம். அங்கே குயிரெய்ங், ஸ்டோர் என்னும் மலையிடங்கள் இரண்டும் பழைய நிலச்சரிவுகளால் உருவான, கிழக்கு நோக்கிய பாறைச்சரிவுகள். விடியற்காலையில் சென்றாக வேண்டும். மேற்குக் கடலோரத்தில் இருக்கும் நீஸ்ட் முனை அந்தி நேரத்துக்கு உரியது. வடக்கே மேகம் மூடியிருக்கும்போது தெற்கே எல்கோல் என்ற ஊரில் வானம் வெளுத்திருப்பதும் உண்டு என்பதால், அன்றைய இடத்தை அன்று காலையில் முடிவுசெய்தால் போதும். தங்குமிடங்களை மட்டும் இப்போதே பதிவுசெய்துவிடுங்கள். அக்டோபர் முடிவதற்குள் தீவின் விடுதிகள் பல பருவம் முடிந்து மூடத்தொடங்கிவிடும்.