17 சேக்கலுக்கு ஒரு கிரயப்பத்திரம்

கேள்வி: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 வசனம் எங்கள் வீட்டு காலண்டரில் இருக்கிறது. வேதத்தைத் திறந்து பார்த்தால், முந்தின வசனத்தில் 70 வருஷம் என்கிறார். அதுவரை யார் உயிரோடு இருப்பார்கள்? இது ஆறுதலா, ஏமாற்றா?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: ஒரு வசனம் மேலே ஏறிப் படித்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ்! கி.மு. 597-ல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்கிறார். அதாவது, இப்போதைக்கு வர முடியாது. அனனியா என்ற தீர்க்கதரிசியோ இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்றான். கைதட்டல் யாருக்குக் கிடைத்திருக்கும்? எரேமியாவைப் பிடித்து அடைக்கச் சொல்லி பாபிலோனிலிருந்தே ஒருவன் எருசலேமுக்குப் புகார்க் கடிதம் எழுதினான்.

ஆறுதலா என்று கேட்டால், நான் 32-ம் அதிகாரத்தைக் காட்டுவேன். 31 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அதனால் அந்த அதிகாரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவலில். அப்போது பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வழி முழுக்க எதிரிப் படை. அந்த நிலத்தை என்னிடம் கொண்டுவந்திருந்தால், அண்ணே, முதலில் வில்லங்கம் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, தராசில் நிறுத்து. கிட்டத்தட்ட 200 கிராம். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரம் இரண்டு: ஒன்று முத்திரை போட்டது, ஒன்று திறந்தது. பிற்காலத்தில் சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த இரட்டைப் பத்திரங்களும் இதே மாதிரிதான். தகராறு வந்தால் கட்டி வைத்த பகுதியைப் பிரித்துச் சரிபார்ப்பார்கள். இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பத்திரத்தைக் கொடுத்து முடித்தபின் எரேமியா ஜெபம் பண்ணுகிறார். நகரமோ எதிரி கையில் போகிறது, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று கேட்கிறார். கையெழுத்து முதலில், சந்தேகம் பிறகு! பத்திர ஆபீசில் நான் பார்த்ததெல்லாம் நேர் எதிர்.

அந்த நிலத்தில் அவர் கால் வைத்ததாக வேதத்தில் இல்லை. எருசலேம் விழுந்தபின் அவரை எகிப்துக்கு இழுத்துப் போனார்கள். பத்திரத்தை யார் பிரித்தார்கள் என்றும் இல்லை. ஆனால் பெர்சியாவின் கோரேஸ் ராஜா விடுவித்தபின் ஊர் திரும்பினவர்களின் கணக்கு எஸ்றா 2-ல் இருக்கிறது. 23-ம் வசனத்தைப் பாருங்கள்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.