ரக்பி ஊரில் ஃபுட்டி ஓர் ஊடுபயிர்

கேள்வி: மெல்பர்னில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, வேலை மாற்றலில் இங்கிலாந்தில் ஒரு சிற்றூருக்கு வந்திருக்கிறோம். அங்கே வார இறுதிகளில் நண்பர்களோடு ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், ஆடிப் பழகியவன் நான். 13 வயது மகனுக்கும் அதே பைத்தியம். இங்கே ரக்பி கிளப்பில் சேர்ந்த பிறகும் அந்தப் பந்தை விடவில்லை. ஊரில் உள்ள ஐந்தாறு ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து ஒரு டீம் தொடங்க ஆசை. ரக்பி கிளப்பில் மைதானம் கேட்டால், “எங்கள் ஆட்களை இழுத்துக்கொள்வீர்கள்” என்று தயங்குகிறார்கள். கிரிக்கெட் கிளப்பில் பேச்சே எடுபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ரக்பிக்காரர்கள் பக்கம் நின்று பாருங்கள். சனிக்கிழமைதோறும் பதினைந்து பேரைத் திரட்டுவதே அவர்களுக்குப் பெரும்பாடு. புது ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்பால்காரர்களுக்கு, ஃபுட்டி தங்கள் ஆட்களை இழுத்துக்கொள்கிறது என்ற இந்த வருத்தம் நாற்பது ஆண்டுகளாக உண்டு. 1984இல் டப்ளின் பையன் ஜிம் ஸ்டைன்ஸை மெல்பர்ன் ஃபுட்டி கிளப் கூட்டிப் போனது. 1991இல் அவர் ஃபுட்டியில் அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமே வாங்கிவிட்டார். அதிலிருந்து, ஊரில் ஒரு பையன் நன்றாக ஆடினாலே பெரியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். சிட்னி கிளப்போடு 2005இல் ஃபுட்டி கோப்பை வென்றுவிட்டு, ஊர் திரும்பி 2009இல் தன் மாவட்டமான கெர்ரிக்காக கேலிக் கோப்பையும் வென்ற டைக் கென்னலி போன்றவர்கள் அபூர்வம்.

ஆகவே, “ரக்பிதான் முதல் ஆட்டம், எங்களுடையது இரண்டாவது” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். இதில் குறைந்துபோக ஒன்றுமில்லை. ஃபுட்டி பிறந்ததே அப்படித்தான். 1858இல் டாம் வில்ஸ் மெல்பர்ன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது, குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு ஆட்டம். மறுவருடம் மே மாதம் விதிகளை எழுதினார்கள். அந்த வில்ஸ் படித்தது இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் என்பதைக் கிளப் செயலரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவையுங்கள், முகம் மலரும். தென்னைக்கு நடுவே வாழை வைப்பதுபோல, கிரிக்கெட் விட்ட பருவத்தில் முளைத்த ஆட்டம் இது. உங்கள் ஊரில் ரக்பி விட்ட பருவத்தில் முளைக்கட்டும்.

அந்தப் பருவம் எது? ரக்பி செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல், மே வாக்கில் முடிகிறது. ஜூலையில் மறுபடியும் ஓட வைத்துவிடுவார்கள். மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை, இரண்டே மாதம்தான் உங்களுக்கு. போதும். கோடை முழுக்கக் கிரிக்கெட் மைதானத்தை மட்டும் மறந்துவிடுங்கள். நடுவில் கயிறு கட்டிக் காக்கும் அந்தப் பிட்ச்சில் இருபது பேர் ஆணி ஷூவோடு ஓடுவதை எந்தச் செயலரும் கனவிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ரக்பி மைதானத்திலும் ஒரு கண்ணி உண்டு. சீசன் முடிந்த கையோடு தரையைக் கீறி, மணல் தூவி, புல் விதைப்பார்கள். முளைவிடும் புல்லை மிதித்தால் அடுத்த வருடம் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. அதனால் தலைவரிடம் போவதற்கு முன் மைதானத்தைப் பராமரிப்பவரைப் பாருங்கள். எந்தத் திடலை எப்போது விதைக்கிறார், கம்பங்களைக் கழற்றுவாரா என்று அவரிடமே கேளுங்கள். பிரதான மைதானம் வேண்டாம், பக்கத்திலுள்ள பயிற்சித் திடல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கம்பங்கள் நின்றால் பாதி வேலை முடிந்தது. ரக்பிக் கம்பங்களுக்கு இடைவெளி 5.6 மீட்டர், நம் கோல் கம்பங்களுக்கு 6.4. எண்பது சென்டிமீட்டர் குறைவதால் யாரும் அழப்போவதில்லை. இருபுறமும் 6.4 மீட்டர் தள்ளி பக்கத்துக்கொரு பிளாஸ்டிக் குழாய் நட்டால், ஒரு புள்ளி தரும் பிஹைண்ட் கம்பங்களும் தயார். நடுவே போகும் குறுக்குச் சட்டம் நம் ஆட்டத்தில் கிடையாது, அதனால் மேலே போனாலும் கீழே போனாலும் ஆறு புள்ளி என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி நிமிடத்தில் பஞ்சாயத்துதான்.

பதினெட்டுப் பேர் ஆசை வேண்டாம். அதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து 36 பேர் வேண்டும், 135 மீட்டருக்குக் குறையாத நீள்வட்டத் திடலும் வேண்டும். நூறு மீட்டர் ரக்பித் திடலில் முன்னால் மூவர், நடுவில் மூவர், பின்னால் மூவர் என ஒன்பது பேர் ஆடுங்கள். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கப் 2005இல் லண்டனில் தொடங்கியதிலிருந்து ஒன்பது பேர் ஆட்டம்தான். அதை யாரும் அரைகுறை என்று சொல்வதில்லை.

சரி, அந்த ஒன்பது பேர் யார்? ஆஸ்திரேலியர்களை மட்டும் நம்பாதீர்கள். பலர் இரண்டு மூன்று வருட விசாவில் வருபவர்கள். அவர்கள் கிளம்பும் நாளில் டீமும் கிளம்பிவிடும். ஒரு கிளப் அப்படிக் கரைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர்கள்தான் அடித்தளம். கேலிக் ஆடிய ஐரிஷ்காரர் கிடைத்தால் விடாதீர்கள். கையிலிருந்து உதைப்பதும், எகிறிப் பிடிப்பதும் அவருக்கு ரத்தத்திலேயே உண்டு. உருண்டைப் பந்துக்குப் பதில் முட்டைப் பந்து, அவ்வளவுதான். பவுண்டரி ஓரத்தில் நின்று உயரப் பந்தைப் பிடிக்கும் கிரிக்கெட்காரரும், உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடிக்கும் ‘மார்க்’ எடுக்கச் சீக்கிரம் பழகுவார், ஆனால் அவருடைய சீசனும் அதுதான் என்பதால் வாரநாள் மாலைகளில் மட்டும் அழையுங்கள்.

உங்களுக்கு அதிகம் வரப்போவது ரக்பிக்காரர்கள். மோதலுக்கு அஞ்ச மாட்டார்கள். ஆனால் மூன்று பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். பந்தை எறியக் கூடாது. ஒரு உள்ளங்கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்த வேண்டும். முன்னால் நிற்பவருக்கும் கொடுக்கலாம் என்று நூறு முறை சொன்னாலும் முதல் மாதம் முழுக்கத் திரும்பிப் பின்னால்தான் பார்ப்பார்கள். பின்னாலிருந்து பாய்ந்து முதுகில் விழுந்தால் ஃபிரீ கிக். உதையில் அவர்களுக்கு ஒரே ஒரு பாடம்: பந்தை நிமிர்த்திப் பிடித்து, நேராகக் கீழே விட்டு, அடிமுனையில் உதைக்கட்டும். பந்து பின்னோக்கிச் சுழன்று போனால் சரி. திருகிக்கொண்டு போனால் கை விடும்போதே சாய்ந்திருக்கிறது.

பெரிய காட்சி ஆட்டம் ஒன்று வைத்தால் ஊரே திரளும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். நம்பாதீர்கள். லண்டன் ஓவலில் 1972இலேயே ஆஸ்திரேலிய வீரர்கள் வந்து ஆடிக் காட்டினார்கள். பிரிட்டனில் ஒரு லீக் உருவாக 1980-களின் கடைசி ஆயிற்று. ஷாங்காயில் 2017 முதல் 2019 வரை ஆஸ்திரேலியாவின் உச்ச ஃபுட்டி லீக்கான ஏ.எஃப்.எல். ஆட்டங்களே நடந்தன, கொரோனாவோடு நின்றுபோயின. மாறாக, ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி லீக் என்றால் உயிரை விடும் பப்புவா நியூ கினி, ஃபுட்டியின் சர்வதேசக் கோப்பையை 2008, 2014, 2017 என மூன்று முறை வென்றது. அது உள்நாட்டில் வளர்ந்தவர்களை வைத்தே ஆட வேண்டிய போட்டி.

காப்பீடு இல்லாமல் ஒரு பயிற்சிகூட வேண்டாம். ஏ.எஃப்.எல். இங்கிலாந்து அமைப்புக்கு எழுதி, பதிவோடு சேர்த்து அதையும் கேளுங்கள். மகன் ரக்பியிலேயே தொடரட்டும். அவன் ஒருவன் அங்கே இருப்பதே உங்கள் பேச்சுக்கு ஜாமீன். அப்புறம், ஜூலையில் ரக்பிப் பயிற்சி எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்று இப்போதே கேட்டுவையுங்கள். இரண்டும் செவ்வாயில் வந்தால் புதனுக்கு மாற வேண்டியவர் நீங்கள்தான்.