காலையில் அணையும் மாருதி 800: முதலில் சோக்கைப் பாருங்கள்

காட்பாடி சார், மார்கழிக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைகிறது, ஐந்து நிமிடத்தில் சூடானதும் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். சூட்டில் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது) ஒழுங்காக நிற்பதால், அப்போது பெட்ரோல் விடும் சிறு துளையான ஐடில் ஜெட்டில் அடைப்பு என்று நான் ஆரம்பிக்க மாட்டேன்.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டித் தர வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, வீட்டில் யாரையாவது சோக்கை இழுக்கச் சொல்லிவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரின் வாயைப் பாருங்கள். அங்கே இருக்கும் சோக் தகடு முழுக்க மூட வேண்டும். கேபிளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்து, தகடு கால்வாசி திறந்தே நின்றால் அதுதான் கோளாறு. பத்து நிமிட வேலை.

தகடு நன்றாக மூடுகிறதா? அப்புறம் வேக்குவம் ஹோஸ்களை, அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் பாதையோடு சேரும் ரப்பர் குழாய்களை, வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் அடியில்தான் வெடித்திருக்கும். கார்பரேட்டர் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டையும் விடாதீர்கள். இதில் எங்கே கசிந்தாலும் கூடுதல் காற்று உள்ளே போய் சோக்கின் வேலையைக் கெடுத்துவிடும்.

ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவை மட்டும் திருகாதீர்கள். என் வண்டிக்கு ஒரு மெக்கானிக் அப்படித்தான் செய்தார். காலையில் அணையவில்லை, சரி. பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் ஜெனரேட்டர் மாதிரி அலறியது.