பெருந்தமனி அறுவையில் தண்டுவடப் பாதுகாப்பு: கேள்வி பதில்

அப்பாவுக்கு நெஞ்சிலிருந்து வயிறு வரை பெருந்தமனி வீக்கம். ஆபரேஷனில் கால் செயலிழக்கலாம் என்கிறார்கள். தமனிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?

கால்களை அசைக்கும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து வருகின்றன; அந்தத் தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கும் விலா இடைத் தமனிகளும் இடுப்புத் தமனிகளும் பெருந்தமனியிலிருந்தே கிளைக்கின்றன, அம்மா. வீங்கிய பகுதியை மாற்றும்போது அவற்றில் பல அடைபடும். வீக்கம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றாமல், இடைவெளி விட்டு இரண்டு கட்டமாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அந்த இடைவெளியில் பக்கத்துச் சிறு தமனிகள் விரிந்து ஈடுகொடுக்கும்.

சார், ஐசியுவில் சராசரி பி.பி. 65 இருந்தால் போதாதா?

சிறுநீரகத்துக்குப் போதலாம், தண்டுவடத்துக்குப் போதாது. சராசரி பி.பி.யிலிருந்து தண்டுவட நீரின் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர்) அழுத்தத்தைக் கழியுங்கள். 65-இல் 15 போனால் மிச்சம் 50. 90-இல் 10 போனால் 80. இந்த மிச்சம் 70-க்குக் குறையவே கூடாது.

லம்பார் ட்ரெய்னில் (தண்டுவட நீரை வடிக்க கீழ்முதுகில் போடும் மெல்லிய குழாய்) எவ்வளவு எடுக்கலாம்?

அழுத்தம் 10 மி.மீ. வரை, மணிக்கு 10–15 மி.லி.க்கு மேல் வேண்டாம். வேகமாக வடித்தால் மூளை கீழே இழுபட்டுச் சிரைகள் கிழியும், மண்டைக்குள் ரத்தம் கட்டும். நோயாளியைத் திருப்பும் முன் ட்ரெய்னை மூடி, லெவலை (ட்ரெய்ன் இருக்கும் உயரத்தை) சரிபார்த்த பிறகே திறங்கள். நீர் சிவந்தால் வடிப்பதை நிறுத்தி, உடனே தலைக்கு சி.டி. எடுங்கள். இவ்வளவு ஆபத்து இருந்தும் இதை விடக்கூடாது: 2002-இல் வெளியான 145 நோயாளிகளின் ஆய்வில் கால் செயலிழப்பு 13 சதவீதத்திலிருந்து 2.6 ஆகக் குறைந்தது.

ஆபரேஷனில் பெருந்தமனிக்கு கிளாம்ப் (இறுக்கி அடைக்கும் இடுக்கி) போட்டதும் காலில் எம்.இ.பி. (மூளையைத் தூண்டி, தசையில் பதிவாகும் மின்சைகை) மறைந்தால்?

கையைப் பாருங்கள். அங்கும் மறைந்தால் மயக்க மருந்தையோ தசைத் தளர்த்தியையோ சந்தேகியுங்கள். ஒரு காலில் மட்டும் என்றால், தொடைத் தமனியில் கேனுலா (பம்பின் ரத்தக் குழாய்) போட்ட கால்தானா என்று பாருங்கள்; அந்தக் காலுக்கே ரத்தம் போகாமல் இருக்கலாம். கை நன்றாக இருந்து இரு கால்களிலும் மறைந்தால் தண்டுவடம்தான். பி.பி.யை 90-க்கு மேல் ஏற்றி, உடலின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் செலுத்தும் பம்பின் ஓட்டத்தைக் கூட்டி, நீரை வடியுங்கள். திறந்த விலா இடைத் தமனிகளிலிருந்து ரத்தம் பின்னோக்கி வழிந்தால் அது தண்டுவடத்திலிருந்து பறிபோகும் ரத்தம், உடனே அடையுங்கள். டி8 முதல் எல்1 வரையுள்ள (எட்டாவது நெஞ்சு முள்ளெலும்பு முதல் முதல் இடுப்பு முள்ளெலும்பு வரை) பெரிய கிளைகளைக் கிராஃப்டில் (மாற்றாக வைக்கும் செயற்கைக் குழாய்) திரும்பத் தையுங்கள்.

முதல் நாள் கால் அசைந்தது, மறுநாள் அசையவில்லை. இனி வழியில்லையா?

இருக்கிறது, ஆனால் நிமிடங்கள் முக்கியம். பெரும்பாலும் அதற்கு முன் பி.பி. இறங்கியிருக்கும்: ரத்தக்கசிவு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (தாறுமாறான இதயத் துடிப்பு), டயாலிசிஸ். மட்டமாகப் படுக்க வைத்து, நார்அட்ரினலினால் (பி.பி.யை ஏற்றும் மருந்து) சராசரி பி.பி.யை 90–100-க்கு ஏற்றுங்கள். ஹீமோகுளோபின் 10-க்கு மேல் இருக்கட்டும், ஆக்சிஜன் கொடுங்கள். ட்ரெய்னை எடுத்திருந்தால், ரத்தம் உறையும் தன்மையைப் பார்த்துத் திரும்பப் போடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் ட்ரெய்ன் போட்ட இடத்தில் ரத்தக்கட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். ஆனால் அதற்குக் காத்திருந்து பி.பி.யை ஏற்றத் தாமதிக்காதீர்கள்.