ஓப்பன்எஸ்எஸ்எல் மாற்றிய பின் வரும் ‘சான்றிதழ் காலாவதி’ பிழை

வணக்கம். பாதுகாப்பான இணைய இணைப்புக்கான மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் புதிய பதிப்பை மூலநிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்து, பழைய கணினியிலிருந்த பெம் கோப்பையும் (நம்பத்தக்க சான்றிதழ்களின் தொகுப்பு) அதற்குப் பிரதி செய்த நாள் முதல், உலாவி ஏற்கும், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற நிறுவனம் ஒரு தளத்துக்கு வழங்கிய சான்றிதழை உங்கள் பைதன் நிரல் மட்டும் ‘காலாவதி’ என்று மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மின்தடையில், பற்றரி செத்த கணினியின் திகதி பின்னோக்கிப் போனால் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்றுதான் வரும்.

தளத்தோடு இணைந்து அதன் சான்றிதழ்களைச் சோதிக்கும், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையை இயக்கி, பிழை வரியோடு வரும் ‘டெப்த்’ எண்ணைப் பாருங்கள்; தளத்தின் சான்றிதழிலிருந்து மூலச் சான்றிதழ் வரையான சங்கிலியில் பிழை எந்தப் படியில் என்பதை அது காட்டும். அந்த எண் 0 என்றால் தளத்தின் சான்றிதழே பழையது. 2 அல்லது 3 என்றால், அந்தச் சேர்வர் இன்னும் பழைய சங்கிலியை அனுப்ப, உங்கள் பெம் கோப்பில் லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 இல்லாததால், 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியான பழைய மூலச் சான்றிதழான டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 வரை சோதனை ஏறிப்போகிறது என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் கம்பைல் செய்த பதிப்பு, உபுண்டு இயங்குதளத்தின் சான்றிதழ்க் கோப்புறையை விட்டுத் தன் சொந்தக் கோப்புறையையே பார்க்கும். எஸ்எஸ்எல்_சேர்ட்_ஃபைல் என்ற சூழல் மாறியில் (நிரல் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) உபுண்டுவின் சான்றிதழ்த் தொகுப்பின் இடத்தைக் காட்டி நிரலை ஓட்டுங்கள். பிழை மறைந்தால், பழைய பெம் கோப்பை நீக்கிவிட்டு, அது இருந்த இடத்திலிருந்து அந்தத் தொகுப்புக்கே இணைப்பு (லிங்க்) கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பை நிறுத்திவைக்கும் குறுக்குவழியை மட்டும், ஒரு நாளைக்கென்றாலும், தொடாதீர்கள்.