ரோடு பைக், அதாவது மெல்லிசான டயர் போட்ட ரேஸ் சைக்கிள், ஓட்ட இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம். ஒரு வாரம் லீவுல ஸ்பெயின்ல இருக்கற மயோர்கா தீவுக்குப் போய் ஓட்டலாமா, இல்ல அது நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கான இடமா?

தாராளமா போகலாங்க. ஞாயித்துக்கிழமைல 40 கிலோமீட்டர் வரைக்கும் ஓட்டுறீங்க, மலை ஏறிப் பழக்கமில்ல, உங்க கணவர் உங்களவிட கொஞ்சம் மெதுவா வருவார், மலைலருந்து கடலுக்கு வளைஞ்சு வளைஞ்சு எறங்கற ச கலோப்ரா ரோட்ட வீடியோல பாத்ததுலருந்து அங்க ஓட்டணும்னு ஆசைன்னு எழுதியிருக்கீங்க. முதல் மூணும் ஒரு விஷயமே இல்ல, அந்த நாலாவதுதான் விஷயம், அதுக்கு வரேன்.

பெரிய புரோ சைக்கிள் டீமெல்லாம் குளிர்காலத்துல அங்க வந்து ட்ரெயினிங் பண்றதால மயோர்கான்னாலே மலைன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. ஆனா மலை இருக்கறது வடமேற்கு ஓரமா மட்டும்தான், செர்ரா டி ட்ரமுன்டானான்னு பேரு. தீவோட நடுப்பகுதி கிட்டத்தட்ட சமவெளி, ரெண்டு பக்கமும் கல்லடுக்கி கட்டின சுவர், நடுவுல ஒரு கார் மட்டும் போற அளவுக்கு சின்ன தார் ரோடு, அதுலயே ஒரு ஊர்லருந்து அடுத்த ஊருக்குப் போய்ட்டே இருக்கலாம். ரோடு பைக் புதுசா கத்துக்கறவங்களுக்கு இதவிட நல்ல இடம் கெடைக்கறது கஷ்டம்.

தங்கறதுக்கு வடக்குப் பக்கம், போர்ட் டி பொயென்சா இல்லன்னா அல்கூடியா. ரூம்லருந்து எறங்கினா நேரா சமவெளியும் போகலாம், மலைக்கும் போகலாம், தீவோட தலைநகர் பால்மா மாதிரி சிட்டி ட்ராஃபிக்க தாண்டி வர வேண்டியதில்ல. சைக்கிள் வாடகைக்கு எடுக்கற கடையும் அங்கயே நிறைய.

முதல் நாள் மலைப்பக்கமே திரும்பாதீங்க. அல்கூடியால இருந்து மூரோ வழியா பெட்ரான்னு ஒரு ஊர் இருக்கு, அங்க போய்ட்டு வாங்க, போக வர 60, 70 கிலோமீட்டர் வரும். 40 ஓட்டுறவங்களுக்கு 70 அதிகமாச்சேன்னு தோணும், ஆனா ரோடு நல்லா இருக்கு, நாள் முழுக்க டைம் இருக்கு, பெட்ரா சதுக்கத்துல ஒக்காந்து காபியும் பாதாம் கேக்கும் சாப்ட்டு எப்ப வேணா கெளம்பலாம், அங்க பாதி மேஜைல சைக்கிள் ஓட்டறவங்கதான் இருப்பாங்க. ஒண்ணு மட்டும் கவனம், மத்தியானத்துக்கு மேல கடல்லருந்து நிலத்தப் பாத்து காத்து அடிக்கும், வெயில் நாள்ல நல்லா அடிக்கும், அது நீங்க வீடு திரும்பற நேரத்துல நேரா மூஞ்சிக்கு வரும். அதனால காலைல சீக்கிரம் கெளம்பிடுங்க.

ரெண்டு நாள் இப்படி ஓட்டிட்டு முதல் மலைக்கு காய்மாரி ஊர்லருந்து யுக் மடாலயத்துக்கு ஏறுற ரோட்ட எடுங்க. சுமார் 8 கிலோமீட்டர், சராசரி 5 சதவீதம் ஏத்தம், அதாவது 100 மீட்டர் போனா 5 மீட்டர் ஒசரும், எங்கயும் திடீர்னு செங்குத்தா நிமிராது, ஒரே சீரா போகும், முதல் முதலா மலை ஏறுறவங்களுக்கு அதுதான் வேணும். கீழ ஆரம்பத்துல ஆலிவ் மரம், படிப்படியா கல்லுகட்டி வச்ச சரிவு, எங்கயோ ஆட்டு மணி சத்தம் கேக்கும் ஆடு தெரியாது, அப்புறம் ஓக் மர நிழல் வரும், அந்த நிழல்ல போனதும் வேர்வை சட்டுனு குளிரும், அங்க வந்துட்டீங்கன்னா பாதிக்கு மேல முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். பேச முடியற வேகத்துலயே ஏறுங்க, மூச்சு வாங்கி பேச்சு நின்னுச்சுன்னா ஒரு கியர் கொறைங்க. மேல ஒரு பெட்ரோல் பங்க்கும் பக்கத்துலயே காபி கடையும் இருக்கு, மலைக்கு வர சைக்கிள்காரங்க பாதிப்பேர் அங்கதான் நிப்பாங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல நெனைக்கறது. ஆரம்பத்துல எல்லாரும் ஏத்தத்துக்குத்தான் பயப்படுவாங்க, ஏத்தத்துல ஒண்ணும் ஆகாதுங்க, முடியலன்னா கால ஊனி நிப்பீங்க, அவ்வளவுதான். கத்துக்க வேண்டியது எறக்கம். மலை ரோட்டுல அடிபடறவங்கள நெனச்சுப் பாருங்க, ஏறும்போதா விழறாங்க? யுக்லருந்து அதே வழில திரும்பாம கோல் டி ஃபெமெனியாங்கற கணவாய் வழியா பொயென்சா பக்கம் எறங்குங்க, வளைவெல்லாம் கொஞ்சம் அகலம், முன்னாடி என்ன வருதுன்னு தெரியும், எறக்கம் பழக அது நல்ல ரோடு.

கைய ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல வைங்க, மேல வச்சுட்டு பிரேக் புடிச்சா கொஞ்ச நேரத்துல கை மரத்துடும், பிடியும் பத்தாது. பிரேக்க வளைவுக்குள்ள போய் புடிக்காதீங்க, வளைவுக்கு முன்னாடி நேரா இருக்கும்போதே வேகத்த கொறச்சுட்டு உள்ள போங்க. வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்கற பெடல் கீழ, உங்க வெயிட் முழுக்க அந்த கால்ல. கண்ணு முன்சக்கரத்துக்கு முன்னால இல்ல, வளைவு முடியற எடத்துல இருக்கணும், நீங்க எங்க பாக்கறீங்களோ சைக்கிள் அங்கதான் போகும். உங்க பாதிய விட்டு எதிர்பக்கம் போகவே போகாதீங்க, வளைவுக்கு அந்தப் பக்கம் டூரிஸ்ட் பஸ் வரலாம், ஆடு நிக்கலாம். அங்க ரோட்டுக்கு வலதுபக்கம் ஓட்டணுங்கறத வேற களைப்புல மறந்துடக் கூடாது. கை வலிச்சா ஓரமா நில்லுங்க, ரெண்டு நிமிஷம் நிக்கறதுல ஒண்ணும் கொறஞ்சுடாது. எறக்கத்துக்கு ஒரு மெல்லிசான காத்து ஜாக்கெட் பின்பாக்கெட்ல கட்டாயம் இருக்கணும், ஏறின வேர்வையோட எறங்கினா ஏப்ரல்லயும் நடுங்கும்.

இன்னொண்ணு, வாடகை சைக்கிள் கைக்கு வந்ததும் முதல்ல பாக்க வேண்டியது எந்த லிவர் எந்த பிரேக்குன்னு. ஐரோப்பால பொதுவா இடது கைல முன் பிரேக் இருக்கும், நம்ம ஊரு சைக்கிள்ல வலது கை. கடைக்காரர்கிட்ட கேளுங்க, மாத்தியும் தருவாங்க.

ச கலோப்ராவுக்கு வரேன். 1932ல அன்டோனியோ பரியெட்டிங்கற இஞ்சினியர் போட்ட ரோடு, 26 கொண்டை ஊசி வளைவு, ஒரு எடத்துல ரோடு முழுசா சுத்தி தனக்கே அடில பூந்து போகும், கழுத்து டை முடிச்சு மாதிரி இருக்கறதால அப்படியே பேரு வச்சிருக்காங்க. அழகுதான், மறுக்கல. ஆனா அது கடல்ல முடியற ரோடு, வேற வழி கெடையாது. அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்கு மேல முதல்ல எறங்கணும், அப்புறம் அதே தூரத்த சராசரி 7 சதவீதத்துல ஏறணும், அதுக்கு முன்னாடி அந்த எறக்கத்தோட தலைக்கு வந்து சேரவே ஒரு மலை ஏறியிருப்பீங்க. எறக்கம் சரியா வராதவங்களுக்கு கீழ போய் சேரும்போதே கையும் மனசும் களைச்சிருக்கும். அதனால ஃபெமெனியா எறக்கத்துல பயமில்லாம வந்தீங்கன்னா வாரக் கடைசில போங்க, காலைல பஸ்ஸெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. பயமா இருந்துச்சுன்னா இந்த தடவ விட்டுட்டு ஃபொர்மென்டோர் கலங்கரை விளக்கம் வரைக்கும் போங்க, போர்ட் டி பொயென்சால இருந்து போக வர 40 கிலோமீட்டர் கிட்ட, ஏத்த எறக்கம் சின்னச் சின்னதா மாறி மாறி வரும், கடல் ரொம்ப அழகா தெரியும். நடுவுல ஒரு டனல் இருக்கு, முன்னாடியும் பின்னாடியும் லைட் வேணும்.

சைக்கிள் புக் பண்ணும்போது முன்னாடி சின்ன பல்சக்கரம் 34 பல், பின்னாடி பெருசு 32 இல்லன்னா 34 பல் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. 34க்கு 34ன்னா ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுத்து, அது இருந்தா இந்த ஏத்தமெல்லாம் மெதுவா ஏறிடலாம். உங்க பெடல், ஷூ, ஹெல்மெட் மூணும் வீட்லருந்து கொண்டு போங்க. ஊருக்கு வெளிய ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். கார்க்காரங்க உங்கள தாண்டும்போது ஒன்றரை மீட்டர் எடம் விடணுங்கறதும் சட்டம், அங்க பெரும்பாலும் விடறாங்க, வளைவுல பொறுமையா பின்னாடியே வருவாங்க, அதுக்காக பதறி ஓரத்துல போய் சரளைல ஏறாதீங்க.

சீசன் ஏப்ரல், மே, இல்லன்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை ஆகஸ்ட் வேண்டாம், வெயில் தாங்காது.

உங்க கணவர் விஷயம். கடைல ரோடு பைக் மாதிரியே இருக்கற எலெக்ட்ரிக் சைக்கிளும் கெடைக்கும், கொஞ்சம் முன்னாடியே சொல்லி வைக்கணும். ஐரோப்பால அந்த மோட்டார் 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் உதவும், அதுக்கு மேல நம்ம காலுதான், அதனால சமவெளில அவரும் மிதிக்கணும், மலைல மட்டும் மோட்டார் கைகொடுக்கும், ரெண்டு பேரும் பேசிட்டே ஏறலாம். வெயிட் கூட இருக்கறதால எறக்கத்துல நிக்க கொஞ்சம் தூரம் எடுக்கும், அத மட்டும் அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.